ரிஸி உச்சிக்கு ஒரே நாளில் ஏறி இறங்குவது எப்படி: ஸ்லோவாக்கியப் பக்கத்து வழி

போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடுவே உள்ள டாட்ரா மலைத்தொடரில் எல்லைக்கோடு பல இடங்களில் முகட்டை ஒட்டியே செல்கிறது. கயிறும் வழிகாட்டியும் இல்லாமல், வண்ணக்குறி இட்ட பாதையை மட்டும் பின்பற்றி, காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய டாட்ரா சிகரங்களில் மிக உயரமானது அந்த எல்லையில் நிற்கும் ரிஸி. எழுத்தில் ரிஷியைப் போலத் தோன்றினாலும் முனிவருக்கும் இதற்கும் தொடர்பில்லை; போலந்து மொழியில் இச்சொல்லுக்குக் கீறல்கள் என்று பொருள். மலைச்சரிவில் மேலிருந்து கீழாக இறங்கும் நீண்ட பள்ளங்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ நகத்தால் இழுத்துவிட்டது போலத்தான் இருக்கும்.

இம்மலைக்கு மூன்று தலைகள். வடமேற்குத் தலை 2499 மீட்டர். எல்லைக்கோடு அதன் மேல்தான் செல்கிறது, போலந்து நாட்டின் மிக உயர்ந்த இடமும் அதுவே. நடுத்தலை 2501 மீட்டர்; அது முழுவதும் ஸ்லோவாக்கியாவுக்குள் இருக்கிறது. பழைய வரைபடங்களிலும் சில பலகைகளிலும் அதற்கு 2503 என்று எழுதியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். மூன்றாவது தலை சற்றுத் தாழ்ந்தது, அங்கே பாதை இல்லை. 1840ஆம் ஆண்டு ஜூலையில் இங்கே முதன்முதலாக ஏறியதற்குப் பதிவு உண்டு. 1899இல் மரியா கியூரி கணவருடன் ஏறியிருக்கிறார். பக்கத்துப் போரோனின் ஊரில் தங்கியிருந்த லெனின் 1913இல் ஏறினார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

உதகமண்டலத்தில் நின்று பழகியவர்களுக்கு இந்த எண்கள் பெரிதாகத் தெரியாது. தொட்டபெட்டா 2637 மீட்டர்; அதன் உச்சிவரை வண்டியே போகிறது. ரிஸியின் தோளில் இருக்கும் மலைக்குடில் ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில்தான், அதாவது 2250 மீட்டரில் இருக்கிறது. ஆனால் ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையில் இருக்கிறது, இந்த மலையோ 49 பாகைக்கும் மேலே. இங்கே 1500 மீட்டரைத் தாண்டினாலே காடு முடிந்து, முழங்கால் உயரமும் இடுப்பு உயரமுமாகப் படர்ந்த குள்ளப் பைன் புதர்கள் தொடங்கிவிடும்; அதற்கும் மேலே புல்லும் பாறையும் மட்டுமே. ஆகவே உயரத்தை வைத்து இதை எடை போடக் கூடாது. மூச்சுத்திணறல் இங்கே பெரும்பாலும் ஒரு சிக்கலே அல்ல. நேரம், இடி, ஈரமான பாறை, நிழலில் உருகாமல் கிடக்கும் பனி ஆகிய நான்கும்தான் ஆளைத் திருப்பி அனுப்புபவை.

ஏன் ஸ்லோவாக்கியப் பக்கம்

உச்சிக்கு இரண்டு பக்கமும் பாதை உண்டு. போலந்துப் பக்கத்துப் பாதை பாலெனிட்சா பியல்சான்ஸ்கா வண்டி நிறுத்தத்தில் ஏறத்தாழ 980 மீட்டரில் தொடங்குகிறது. ஆகவே ஏற வேண்டிய உயரம் 1500 மீட்டருக்கும் மேல். முதல் எட்டொன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசியில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குச் சங்கிலி கட்டிய செங்குத்துப் பாறை. ஸ்லோவாக்கியப் பக்கத்தில் மின்ரயில் நிறுத்தமே 1250 மீட்டரில் இருக்கிறது. ஏற வேண்டியதும் அதே அளவு 1250 மீட்டர்தான். சங்கிலி உள்ள பகுதி குறுகியது. சரிவு தெற்கு நோக்கி இருப்பதால் பனியும் சீக்கிரம் உருகும். முதல் முறை செல்பவர்கள் ஸ்லோவாக்கியப் பக்கத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போலந்தில் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் தங்கள் பக்கத்திலிருந்தே ஏறிவிட ஆசைப்படுவது இயல்பே என்றாலும், ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி எல்லையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவது வீண்போகாது.

எப்போது செல்வது

ஸ்லோவாக்கியப் பக்கத்தில் மலைக்குடில்களுக்கு மேலே உள்ள பாதைகள் நவம்பர் 1 முதல் சட்டப்படி மூடப்படும். மீண்டும் திறப்பது கோடைத் தொடக்கத்தில்தான். ஜூன் 15 என்பது நெடுங்காலமாக எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் திறப்பு நாள். திறந்துவிட்டது என்பதற்காக ஜூன் மூன்றாம் வாரமே ஓடுவது சரியன்று. அப்போது குடிலுக்குக் கீழேயும் மேலேயும் கெட்டிப்பட்ட பனிப்பட்டைகள் குறுக்கே கிடக்கலாம். காலைக் குளிரில் அவை கண்ணாடிபோல் இறுகியிருக்கும். சாதாரணக் காலணியுடன் அதில் கால் வைத்து வழுக்கினால் கீழே பாறைக்குவியல் வரை நிற்கவே முடியாது.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் பாதை பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஆனால் பிற்பகல் இடிமழை அந்த மாதங்களில் அடிக்கடி வரும். கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் இருபது வரை உள்ள நாட்களே எனக்குப் பிடித்தவை. காற்று தெளிந்திருக்கும், இடி குறைந்திருக்கும், செப்டம்பரில் பள்ளிகள் திறந்துவிட்டால் சங்கிலிகளில் நெரிசலும் இருக்காது. அதற்குரிய விலை, பகல் சுருங்கிவிடுவது. செப்டம்பர் நடுவில் மாலை ஏழு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே நிழல் விழுந்துவிடும்.

குளிர்காலத்தில் இந்த மலை வேறொரு மலை. 2003 ஜனவரியில் போலந்துப் பக்கத்துச் சரிவில் ஒரு பள்ளிக் குழுவின்மீது பனிச்சரிவு விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். பனிக்கோடரியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கான அந்தப் பருவம் இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

பிராட்டிஸ்லாவாவுக்கும் கோஷிட்சேவுக்கும் இடையிலான முதன்மை ரயில்பாதையில் உள்ள போப்ராட் நகரம்தான் இம்மலைக்கு வாசல். அங்கிருந்து மீட்டர் அகலப் பாதையில் ஓடும் சிவப்பு மின்ரயில் ஸ்டாரி ஸ்மோகோவெட்ஸ் வழியாக ஷ்டர்ப்ஸ்கே பிளெசோ வரை செல்கிறது. முழுப் பயணத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம் போப்ரட்ஸ்கே பிளெசோ. அங்கேதான் இறங்க வேண்டும். பிளெசோ என்றால் ஏரி; பெயரில் ஏரி இருந்தாலும் அந்த நிறுத்தத்திலிருந்து ஏரி ஒரு மணி நேர நடையில் இருக்கிறது என்பதை முதல் முறை வருபவர்கள் எதிர்பார்ப்பதில்லை. போப்ராட்டில் தங்கினால் காலை முதல் வண்டியைப் பிடிக்க வேண்டும். ஷ்டர்ப்ஸ்கே பிளெசோவிலோ ஏரிக்கரையில் உள்ள விடுதியிலோ தங்கினால் ஒரு மணி நேரம் கையிருப்பாகக் கிடைக்கும். அது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பது மலைமேல்தான் தெரியும்.

ஸ்லோவாக்கியாவில் மலைமீட்புக்குக் கட்டணம் உண்டு. ஹெலிகாப்டர் வந்தால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். ஆகவே மலைமீட்பைச் சேர்த்த காப்பீட்டை முந்தைய நாளே எடுத்துவிட வேண்டும். ஒரு நாளுக்கு மட்டுமான காப்பீடும் அங்கே எளிதாகக் கிடைக்கும். போலந்துப் பக்கத்தில் மீட்பு இலவசம். ஆனால் கால் பிசகும் இடத்தை நாம் தேர்ந்துகொள்வதில்லை. ஸ்லோவாக்கிய மலைமீட்பின் எண் 18300, போலந்து மலைமீட்பின் எண் 985. உச்சியருகே கைபேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாததால் எங்கும் செல்லும் 112ஐ நினைவில் வைத்தால் போதும். கைபேசி செத்துவிட்டால், ஒரு நிமிடத்தில் ஆறு முறை விளக்கடித்தோ விசில் ஊதியோ, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அதையே செய்வது உலகெங்கும் அறியப்பட்ட அபாயக் குறி.

இரண்டு நாடுகளும் 2007 டிசம்பர் முதல், உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் உச்சியில் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. இருந்தாலும் அயல்நாட்டவர் கடவுச்சீட்டையோ குடியிருப்பு அட்டையையோ உறையிலிட்டுப் பையில் வைத்திருக்க வேண்டும்.

பைக்குள் என்ன

தமிழ்நாட்டு வெயிலில் பருத்தியைவிடச் சிறந்த துணி இல்லை. இங்கே அதைவிட மோசமான துணி இல்லை. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை முகட்டுக் காற்றில் உலரவே உலராது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிடக் கேடு. செயற்கை இழையிலோ மெல்லிய கம்பளியிலோ ஆன உள்சட்டை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என்று மூன்று அடுக்காக வைத்துக்கொண்டு, ஏறும்போது கழற்றியும் நிற்கும்போது போட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக வெப்பம் இறங்கும் என்று கணக்கிட்டால், ரயில் நிறுத்தத்துக்கும் உச்சிக்கும் எட்டுப் பாகை வேறுபாடு. காற்று வீசினால் அது பதினைந்து போல் உறைக்கும்.

காலணி கணுக்காலைப் பிடிக்கும் தடித்த அடியுடையதாக இருக்கட்டும். புதிதாக வாங்கியதை அன்றே முதன்முதலாகப் போட வேண்டாம். சங்கிலியைப் பிடிக்க விரல் நுனி திறந்த கையுறை ஒன்று உதவும். தலைவிளக்கு, ஒரு சீழ்க்கை, கொப்புளத்துக்கான ஒட்டுத்துணி, மடக்கிய வரைபடம் ஆகியவை சேர்ந்து அரைக் கிலோகூட வராது. தலைக்கவசம் கட்டாயம் இல்லை. போலந்துப் பக்கத்துக்குச் செல்பவர்கள் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மேலே ஏறுபவர்கள் தட்டிவிடும் கற்கள் அந்தச் சரிவில் நேராகக் கீழே இருப்பவர்களை நோக்கியே வரும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். உணவு விஷயத்தில் என் அனுபவம் ஒன்று: புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். குளிரில் சோறு விறைத்து, எண்ணெய் உறைந்து, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகப் பல்லில் மாட்டியது. பொடி தடவி இறுகச் சுருட்டிய சப்பாத்தி, வாழைப்பழம், கடலை மிட்டாய் ஆகியவை எந்தக் குளிரிலும் அப்படியே இருக்கும், கையுறையைக் கழற்றாமலும் உண்ணலாம். குடிலில் சூடான சூப்பும் தேநீரும் கிடைக்கும். அதற்கு யூரோ நோட்டுகளும் சில்லறையும் வைத்திருக்க வேண்டும்.

பாதை

பாதைக்குறி என்பது இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு வண்ணக் கோடு. பாறையிலும் மரத்திலும் தீட்டியிருக்கும். வண்ணம் கடினத்தைக் குறிப்பதில்லை, எந்தப் பாதை என்பதை மட்டுமே சொல்கிறது. சிவப்பைக் கண்டு அஞ்சவோ நீலத்தை நம்பி அசட்டையாக இருக்கவோ தேவையில்லை. சந்திப்புப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். அது நிற்காமல் நடக்கும் நேரம். படம் எடுப்பது, உண்பது, சங்கிலியில் காத்திருப்பது எதுவும் அதில் சேராது. ஆகவே பலகை சொல்வதோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக் கணக்கிடுவது நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தும்.

நிறுத்தத்திலிருந்து நீலக்குறியைப் பின்பற்றித் தார்ச்சாலை காட்டுக்குள் மெதுவாக ஏறுகிறது. கண்ணுக்கு விருந்தென்று எதுவும் இல்லாத பகுதி. விறுவிறுவென நடந்து ஒன்றேகால் மணிக்குள் போப்ரட்ஸ்கே ஏரியை அடைந்துவிடலாம். விடியற்காலையில் இக்காட்டில் பழுப்புக் கரடி நடமாடுவதுண்டு என்பதால் தனியாக நடப்பவர்கள் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டு செல்வது நல்லது.

ஏரி 1494 மீட்டரில் இருக்கிறது. அதன் கரையிலிருந்து பிரியும் கிளைப்பாதையில், ஓஸ்த்ர்வா மலையின் அடியில், டாட்ராவில் உயிரிழந்தவர்களுக்கான நினைவிடம் ஒன்று உண்டு. உடல்கள் புதைக்கப்படாத கல்லறைத் தோட்டம் அது. செதுக்கி வண்ணம் தீட்டிய மரச்சிலுவைகளும், பாறைகளில் பதித்த பெயர்ப்பலகைகளும், ஒரு சிறு தேவாலயமும் பைன் மரங்களுக்கிடையே நிற்கின்றன. இறந்தவர்களின் நினைவுக்கு, உயிரோடிருப்பவர்களின் எச்சரிக்கைக்கு என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். ஏறும்போது அங்கே நிற்க நேரமிராது. இறங்கும்போது கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

ஏரிக்கு அருகே பாதையோரம், மேலே உள்ள குடிலுக்குப் போக வேண்டிய சுமைகள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ரிஸியின் குடிலுக்குச் சாலையும் இல்லை, கம்பிவண்டியும் இல்லை. விறகு முதல் பான போத்தல் வரை மனித முதுகில்தான் மேலே போகிறது. மரச்சட்டத்தில் தலைக்கு மேலே உயரும்படி பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, அளந்து வைத்தது போன்ற சிற்றடிகளில் ஏறும் சுமைகாரர்களை வழியில் சந்திப்பீர்கள். அவர்களுக்கு எப்போதும் வழிவிட்டு, பாதையின் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். விரும்பும் மலையேறிகளும் ஒரு சிறு சுமையை எடுத்துச் சென்று குடிலில் கொடுத்தால் ஒரு கோப்பைத் தேநீர் கிடைக்கும். முதல் முறை செல்பவர்கள் இந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. ஐந்து கிலோ என்பது ஏரிக்கரையில் ஐந்து கிலோ, சங்கிலியில் தொங்கும்போது அதன் கணக்கே வேறு.

ஏரியிலிருந்து நீலக்குறி மெங்குசோவ்ஸ்கா பள்ளத்தாக்கில் மேலே செல்கிறது. முப்பது நாற்பது நிமிடத்தில் ஒரு சந்திப்பு வரும்; அங்கே நீலம் நேராகப் போக, நாம் வலப்பக்கம் சிவப்பைப் பிடிக்க வேண்டும். பேசிக்கொண்டே நடப்பவர்கள் நேராகப் போய்விடும் இடம் இதுதான். சிவப்புப் பாதை ஓடையைத் தாண்டி, கல் பாவிய வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறி, குள்ளப் பைன்களை விட்டு வெளியே வந்து, ஏறத்தாழ 1920 மீட்டரில் ஜாபியே ஏரிகளின் அருகே நம்மை நிறுத்துகிறது. பெயருக்குத் தவளை ஏரிகள் என்று பொருள். சுற்றிலும் பாறைச் சுவர், நடுவில் அசையாத நீர். மர்மோட் எனப்படும் மலை அணில்களின் சீழ்க்கை ஒலியும், வாய்த்தால் டாட்ராவுக்கே உரிய காட்டாட்டின் தரிசனமும் கிடைக்கும் இடம். உண்பதற்கும் உடல்நிலையை எடை போடுவதற்கும் இதைவிடப் பொருத்தமான இடமில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தாலோ, மேற்கே மேகம் கோபுரம்போல் எழும்பியிருந்தாலோ, இங்கேயே முடிவெடுத்துத் திரும்பிவிட வேண்டும்.

நான் முதல் முறை அப்படித் திரும்பியவன். காலை பத்து மணிக்கு நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரையில் காப்பி குடித்து, ஒன்றரை மணிக்கு இந்த ஏரிகளை அடைந்தபோது முதல் இடி கேட்டது. மேலேயிருந்து இறங்கி வந்த வயதான ஸ்லோவாக்கியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் வானத்தையும் பிறகு தன் கைக்கடிகாரத்தையும் காட்டிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு ஐந்தரை மணிக்கு எழுந்தேன்.

ஏரிகளுக்கு மேலேதான் சங்கிலிப் பகுதி. பாறையில் இரும்புப் படிகளும், கையால் பிடிக்கச் சங்கிலியும் பொருத்தியிருக்கிறார்கள். ஊன்றுகோல்களை இதற்கு முன்பே மடக்கிப் பையில் செருகிவிட வேண்டும். மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவது ஆபத்து. ஒரு சங்கிலியில் இரண்டு பிடிப்பு ஆணிகளுக்கு நடுவே ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். மேலே இருப்பவர் இழுத்தால் கீழே இருப்பவர் ஆடிப்போவார். சங்கிலி சமநிலைக்கு மட்டுமே. உடல் எடையைக் கால்கள்தான் தாங்க வேண்டும். இறங்கி வருபவர்கள் எதிரே வந்தால், நிற்க அகலமான இடம் யாரிடம் இருக்கிறதோ அவரே காத்திருப்பது அங்குள்ள நடைமுறை. உலர்ந்த நாளில் இந்தப் பகுதி கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதன்பின் பாறைகளுக்கிடையே ஏறினால் ரிஸிக் குடில், 2250 மீட்டர். டாட்ராவின் மிக உயரமான மலைக்குடில் இது. 1930களில் கட்டப்பட்டு, 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் பனிச்சரிவுகளால் சிதைந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. ரிஸிச் சுதந்திர அரசு என்று விளையாட்டாக எழுதிய பலகை ஒன்றும், எந்தப் பேருந்தும் வராத பேருந்து நிறுத்தக் குறியும் இங்கே பெயர் பெற்றவை. மேலே போகும் முன் இங்கே அமர்ந்தால் எழுவது கடினம். தேநீரை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

குடிலிலிருந்து அரைமணிக்குள் வாஹா கணவாய், 2337 மீட்டர். வாஹா என்றால் தராசு. கணவாயில் தலை நீட்டியதும் மறுபக்கத்துக் காற்று முகத்தில் அறையும். மேலங்கியைக் கணவாய்க்குச் சில மீட்டர் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து பாதை இடப்பக்கம் திரும்பி, பெரிய பாறைப் பலகைகளின் மேல் ஏறுகிறது. அங்கங்கே கையை ஊன்ற வேண்டியிருக்கும். பனிமூட்டம் இருந்தால் அடுத்த குறி கண்ணில் படும்வரை இந்தக் குறியை விட்டு நகரக் கூடாது. அரைமணி முதல் முக்கால் மணிக்குள் உச்சி.

உச்சியில்

எல்லைக் குறி வடமேற்குத் தலையில் இருக்கிறது. பாறைகளின் நடுவே பத்துப் பேர் நிம்மதியாக உட்காரலாம். கோடை ஞாயிறுகளில் ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். வடக்கே குனிந்து பார்த்தால் போலந்துப் பக்கத்துச் சரிவு காலடியிலேயே விழுகிறது; அதன் அடியில் கருங்குளம் என்று பொருள்படும் சார்னி ஸ்டாவ், அதற்கும் கீழே கடற்கண் என்று பொருள்படும் மோர்ஸ்கியே ஓகோ. ஒன்று கறுத்த நீலம், மற்றொன்று பச்சை. ஒரே படிக்கட்டில் மேலும் கீழுமாக வைத்த இரண்டு கிண்ணங்கள்போல் இருக்கும். தென்கிழக்கே இரட்டைத் தலையுடன் விசோகா, அதற்கு அப்பால் டாட்ராவிலேயே உயரமான கெர்லாக், 2655 மீட்டர். நடுத்தலை சில எட்டுகள் தொலைவில்தான் இருக்கிறது என்றாலும் குறியிட்ட பாதை எல்லைத் தலைக்கே வருகிறது. இரண்டு மீட்டர் கூடுதலுக்காக ஈரப்பாறையில் நெரிசலில் தாவ வேண்டியதில்லை.

எத்தனை மணிக்கு வந்தாலும் பிற்பகல் ஒரு மணிக்குமேல் உச்சியில் இருக்கக் கூடாது. இடி கேட்டுவிட்டால் படம் எடுத்து முடிக்கும்வரை கூடப் பொறுக்காமல் முகட்டை விட்டு இறங்கிக் குடிலுக்குச் சென்றுவிட வேண்டும். இரும்புச் சங்கிலியின் அருகே ஒதுங்குவது மிகப் பெரிய தவறு. சங்கிலியில் இருக்கும்போதே இடி நெருங்கினால் அதை முடித்துவிட்டு விலகிச் செல்ல வேண்டும், அதன் நடுவில் தங்கக் கூடாது.

இறக்கம்

நடை மொத்தம் ஒன்பது மணி நேரம் என்றால் அதில் நான்கு மணி நேரம் இறக்கத்துக்குரியது. களைத்த கால், தளர்ந்த கவனம், சாய்ந்த வெயில் என்று மூன்றும் சேர்வதால் விழுபவர்கள் பெரும்பாலும் இப்போதுதான் விழுகிறார்கள். கணவாய்வரை பாறையை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியில் இறங்குவதுபோல் இறங்கத் தயங்க வேண்டாம். வெட்கத்துக்குரிய செயல் அல்ல அது. குடிலில் கால் மணி நேரம் அமர்ந்து, சூடாக ஏதேனும் குடித்து, காலணியின் கயிற்றை முன்பக்கம் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இறக்கம் முழுவதும் கால்விரல் நகங்கள் முட்டிக்கொண்டே வரும். சங்கிலிக்குக் கீழே வந்ததும் ஊன்றுகோலை எடுத்து வழக்கத்தைவிடச் சற்று நீளமாக்கிக்கொண்டால் முழங்கால் தப்பும்.

போலந்துப் பக்கத்தையும் விரும்புவோர்

சங்கிலியில் ஏறுவது இறங்குவதைவிட எளிது. ஆகவே இரண்டு பக்கங்களையும் பார்க்க விரும்புவோர் போலந்துப் பக்கத்தில் ஏறி ஸ்லோவாக்கியப் பக்கத்தில் இறங்குவதே முறை. பாலெனிட்சாவில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்; தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு; நாய்களை அழைத்துச் செல்ல அனுமதியில்லை. தார்ச்சாலையில் மோர்ஸ்கியே ஓகோவரை இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து கருங்குளம் வழியாக உச்சிக்கு இன்னும் நான்கு மணி நேரம். கருங்குளத்துக்கு மேலே 2050 மீட்டர் அளவில் புலா என்னும் மேட்டில் நின்று, மேலேயுள்ள பள்ளத்தில் பனி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடக்கு நோக்கிய அந்தப் பள்ளத்தில் ஜூலையிலும் பனி கிடப்பதுண்டு. கிடந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டியதுதான். இறங்கிய பிறகு ஸ்லோவாக்கியாவிலிருந்து போலந்துப் பக்கத்து மலையூரான சகோபானேவுக்குத் திரும்ப நேரடி ரயில் கிடையாது; மலையைச் சுற்றிவரும் கோடைப் பேருந்தின் நேரத்தை முன்பே பார்த்து வைக்காதவர்கள் அன்றிரவு போப்ராட்டில் அறை தேட நேரும்.

வந்த வழியே திரும்புபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஏரியிலிருந்து நிறுத்தம்வரை உள்ள தார்ச்சாலை காலையில் சலிப்பூட்டியது, மாலையில் முழங்காலைக் குத்தும். ஓரத்து மண்ணில் நடந்தால் சற்று இதமாக இருக்கும். கடைசி மின்ரயில்களின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நிறுத்தத்துப் பலகையிலிருந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வண்டிகளுக்கிடையே இடைவெளி கூடிவிடும், அந்த நிறுத்தத்தில் காத்திருக்க ஒரு சிறு கூரையைத் தவிர வேறொன்றும் இல்லை.